முழங்கை வால்

அந்த வாலை இதற்கு முன் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அது ஒரு கேலக்ஸியின் வால். கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்து நீட்டிக்கொண்டு நிற்கிற வால். தெருவில் பார்த்தேன், மாடிப்படியில் பார்த்தேன் என்று சொல்வதற்கு அதென்ன பக்கத்து வீட்டுப் பூனையின் வாலா?

கருத்தரங்கக் கூடத்துக்கு வெளியே, நடைபாதைச் சுவரில், ஆளுயரச் சுவரொட்டி ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தேன். அன்று முற்பகல் என் நாத்தனாருக்கு நேர்காணல். தேர்வுக்குழுவின் முன்னால் தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச வேண்டும். அவர்களுக்குப் பிடித்துப்போனால் நிரந்தர வேலை. தற்காலிக வேலையிலேயே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டாள் அவள். அடுத்த முறை விண்ணப்பிக்க வயது இடம் கொடுக்காது. இதை விட்டால் வானத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேறு பிழைப்பைத் தேட வேண்டியதுதான். அதனால்தான் சுவரொட்டியை யாரிடமும் கொடுக்காமல் நானே ஒட்டினேன். மற்றவர்கள் ஒட்டினால் கோணலாக ஒட்டுவார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. ஓரிடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் நான் வைத்த பெயர் சிட்டு. நாங்கள் மூன்று பேரும் ஒரே வானியல் நிலையத்தில் வேலை செய்கிறோம். குடியிருப்பதும் ஒரே வீட்டில்தான்; இருக்கிற ஒரு குளியலறைக்குத் தினமும் காலையில் சண்டை. நிலையத்தில் எங்களைக் குடும்ப வியாபாரம் என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும், வயிற்றெரிச்சல்.

என்னுடைய வேலை பார்ப்பது. வெறுமனே பார்ப்பது என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு கேலக்ஸிகள் மோதி ஒன்றாகும்போது ஒன்றையொன்று இழுத்துப் பிய்த்துக்கொள்ளும். பிய்ந்துபோன நட்சத்திரங்கள் மங்கலாக, வால் மாதிரி நீண்டு கிடக்கும். கணினித் திரையில் ஒவ்வொரு படமாக வரும். வால் இருக்கிறதா, இது இணைப்பா, இல்லை முன்னும் பின்னுமாக நிற்கிற இரண்டு தனித்தனி கேலக்ஸிகளா என்று நான் சொல்ல வேண்டும். எந்திரம் திணறுகிற இடத்தில் என் கண் திணறாது. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

சிட்டுவின் ஆராய்ச்சி கேலக்ஸிக் கூட்டங்களைப் பற்றியது. ஆயிரக்கணக்கான கேலக்ஸிகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் இடங்கள் அவை. அத்தனை நெரிசலில் இடித்துக்கொள்ளும், இடித்தால் ஒட்டிக்கொள்ளும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அப்படி நடப்பது அரிது என்றுதான் எங்கள் துறையில் எல்லோரும் சொல்லிவந்தார்கள். கூட்டத்தின் ஈர்ப்பில் ஒவ்வொன்றும் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரெதிரே ஓடுகிற இரண்டு ரயில்களின் ஜன்னல் வழியாகக் கைகுலுக்க முடியுமா? உரசிவிட்டு அதனதன் வழியில் போய்விடும். ஒன்று சேர வேண்டுமென்றால் வேகம் குறைய வேண்டும்; அங்கே குறையாது.

சிட்டு அதைத்தான் புரட்டிப் போட்டாள். கூட்டத்தின் நட்டநடுவிலேயே கேலக்ஸிகள் சகட்டுமேனிக்கு இணைந்துகொண்டிருக்கின்றன என்று அவளுடைய கட்டுரை சொன்னது. வெளியானதும் ஒரே அமளி. எங்கெங்கிருந்தோ பேசக் கூப்பிட்டார்கள். இத்தனை நாள் அவள் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள் எல்லாம் நடைபாதையில் நின்று நலம் விசாரித்தார்கள். அந்தக் கட்டுரைக்கான படங்களைப் பார்த்துப் பிரித்துக் கொடுத்தவள் நான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இந்தப் பெருமையோடுதான் சுவரொட்டியின் கடைசி மூலையை அழுத்திவிட்டு, பத்தடி தள்ளி நின்று பார்த்தேன்.

இடது பக்கம் மேலே ஒரு கூட்டத்தின் படம். அதன் நடுவில் ஓர் இணைப்பு. அதன் வால் பாதி தூரம் நேராகப் போய், முழங்கை மாதிரி மடங்கி, மடங்கின இடத்தில் சட்டைப் பித்தான்போல இரண்டு வெளிச்சப் பொட்டுகள். அழகாக இருந்தது. வலது பக்கம் கீழே வேறொரு கூட்டம். வானத்தின் அந்தக் கோடியில் இருப்பது. அதன் நடுவிலும் ஓர் இணைப்பு. கொஞ்சம் சின்னது, கொஞ்சம் சாய்ந்தது. அந்த வாலும் முழங்கை மாதிரி மடங்கியிருந்தது. மடங்கின இடத்தில் இரண்டு பொட்டுகள்.

கழுத்தைச் சாய்த்துப் பார்த்தேன். வந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

இரண்டும் ஒன்றுதான். திருப்பிவைத்த ஒரே வால்.

திரையில் படங்கள் தனித்தனியாகத்தான் வரும், அதுவும் மாற்றி மாற்றி, ஒவ்வொன்றும் ஒரு கோணத்தில். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பார்த்ததே இல்லை. இப்போது சுவரொட்டி முழுவதும் கண்ணை ஓட்டினேன். நடுவரிசையில் இன்னொன்று கிடைத்தது, கண்ணாடியில் பார்த்த மாதிரி இடவலம் மாறி. மனிதர்களில்கூட ஒரே சாயலில் இரண்டு பேர் இருந்துவிட்டுப் போகலாம். மோதிச் சிதறின நட்சத்திரங்கள் மூன்று இடத்தில், பொட்டு மாறாமல், ஒரே மாதிரி சிதறாது.

அவை நிஜமில்லை. கலப்படம்.

கலப்படம் என்பது எங்கள் குழுவுக்குள் புழங்குகிற பேச்சு. பார்ப்பவரின் கண் எவ்வளவு கூர்மை என்று தெரிய வேண்டாமா? அதற்காகக் கணினியில் போலியாக இணைப்புகளைச் செய்து, நிஜப் படங்களுக்குள் நைசாக நுழைத்துவிடுவார்கள். கூட்டத்தின் நடுப்பகுதியில் வெளிச்சம் அதிகம், மங்கலான வால் அதில் அமுங்கிப்போகும் என்பதால் எங்கள் குழுவில் கலப்படம் முழுவதும் அந்த நடுப்பகுதியில்தான். எது போலி என்று பார்ப்பவரிடம் மூச்சு விடக்கூடாது. அது விதி. தெரிந்துவிட்டால் சோதனைக்கே அர்த்தமில்லை. சோதனை முடிந்ததும் அந்தப் படங்களை ஓரங்கட்டிவிட்டு, கலப்படம் இல்லாத படங்களைக் கொடுத்து நிஜமான கணக்கெடுப்பைத் தொடங்க வேண்டும்.

போலிகளைச் செய்பவர், நுழைப்பவர், பிறகு சுத்தமான படங்களை எடுத்துக் கொடுக்க வேண்டியவர், எல்லாம் என் வீட்டுக்காரர்.

கடவுளே, இந்த மனுஷன் இரண்டாம் முறையும் கலப்படப் படங்களையே கொடுத்திருக்கிறார்! நானும் மாங்கு மாங்கென்று உட்கார்ந்து, அவர் செய்த பொம்மைகளையெல்லாம் ஒன்று விடாமல் பொறுக்கி, நிஜம் நிஜம் என்று முத்திரை குத்தியிருக்கிறேன். உலகமே வாயைப் பிளந்த அந்தக் கண்டுபிடிப்பு எங்கள் வீட்டு ஆளின் கைவேலை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒட்டு நாடாவை எங்கே போட்டேன் என்றுகூட நினைவில்லை, சிட்டுவின் அறைக்கு ஓடினேன்.

அவள் அறை என்பது அச்சு எந்திரம் வைத்திருக்கிற அறைதான். ஒரு மூலையில் அவளுக்கு ஒரு மேசை போட்டிருந்தார்கள். பேச்சுக்கான கடைசிப் பக்கங்களைத் திரையில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிட்டு, நிறுத்துடி. எல்லாத்தையும் நிறுத்து."

"என்ன அண்ணி, சுவரொட்டி கிழிஞ்சிடுச்சா?"

"கிழிஞ்சிருந்தா பரவாயில்லையே! அந்த இணைப்பெல்லாம் போலிடி. ஒரே வால் மூணு இடத்துல இருக்கு. கலப்படத்தை எடுக்காமலே கணக்கெடுத்திருக்கோம்."

அவள் அலறுவாள் என்று எதிர்பார்த்தேன். மயக்கம் போட்டு விழுந்தால் பிடிக்கலாம் என்று ஒரு கையை நீட்டிக்கூட வைத்திருந்தேன். அவளோ எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"தெரியும் அண்ணி."

"என்னது?"

"எனக்குத் தெரியும். கட்டுரை வந்த கொஞ்ச நாள்லயே தெரிஞ்சிடுச்சு."

தூக்கிவாரிப்போட்டது எனக்கு. நீட்டின கையை மடக்கத் தோன்றாமல் நின்றேன். இந்தச் சின்னப் பெண் தெரிந்தே பேசப் போயிருக்கிறாள், தெரிந்தே கைதட்டல் வாங்கியிருக்கிறாள். தினமும் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு என் வீட்டுக்காரர் வந்தார். ஒரு கையில் தங்கைக்குத் தேநீர், இன்னொரு கையில் அவளுடைய இஸ்திரி போட்ட மேல்சட்டை. என் முகத்தைப் பார்த்தார், தங்கையின் முகத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அவகிட்ட சொல்லிட்டியா?" என்றார், தங்கையிடம்.

ஆக, இவருக்கும் தெரியும். எனக்கு வாயடைத்துப்போனது. நான் வாயடைத்து நின்றது என் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் முறை என்று அவரே சொல்லுவார்.

"ஏங்க, உங்களுக்கும் தெரியுமா? வீட்டுல எனக்கு மட்டும்தான் தெரியாதா? நான் என்ன, வாடகைக்குக் குடிவந்தவளா?"

"பார்க்கிறவங்களுக்குச் சொல்லக்கூடாதுங்கறது விதிதானே" என்று முனகினார்.

"விதியா? அது சோதனைக்கு வெச்ச விதி! என் கண்ணுல மண்ணைத் தூவறதுக்கா விதி வெச்சிருக்கு?"

என்னை ஏமாற்றியதைக்கூட விட்டுவிடுவேன். ஏமாற்றிவிட்டு விதி என்று சொன்னாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த தாள்கட்டைத் தூக்கி மேசையில் ஓங்கி அடித்தேன். அவர் நடுங்கிப்போய்த் தேநீரைக் கீழே வைத்தார்.

பிறகு உடைந்து பேசினார். கை தவறி நடந்தது என்றார். தெரிந்தபோது கட்டுரை வெளியாகி ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. விஷயம் வெளியே போனால் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கமாட்டார்கள், தங்கைக்கும் இந்த வேலை கிடைக்காது. அவளுக்கு வேலை உறுதியாகட்டும், பிறகு பக்குவமாக ஒரு திருத்தம் எழுதிப் போட்டுக்கொள்ளலாம் என்று தங்கையிடம் கெஞ்சியிருக்கிறார். "ஒரே ஒரு நாள் பொறுத்துக்கோம்மா. நீ வாயைத் திறந்தா இவ வாழ்க்கையே போச்சு" என்று என்னிடமும் கெஞ்சினார். கண் கலங்கியிருந்தது.

"நான் சொல்லிடுவேன்" என்றேன். "எனக்கு மனசுல ஒண்ணு வாயில ஒண்ணு கிடையாது, உங்களுக்கே தெரியும். கூட்டத்துல எழுந்து நின்னு சொல்லிடுவேன்."

சிட்டு அண்ணன் கொண்டுவந்த மேல்சட்டையைப் போட்டுக்கொண்டாள். பித்தான்களைப் போட்டு முடித்துவிட்டு, "உங்க இஷ்டம் அண்ணி" என்றாள்.

கூடம் நிரம்பியிருந்தது. தேர்வுக்குழுவின் தலைவர் வெளி நிலையம் ஒன்றிலிருந்து வந்திருந்த பேராசிரியை; நரைத்த தலை, வாய் கொள்ளாத சிரிப்பு. நான் நடுவரிசையில் ஒரு நாற்காலியில் போய் விழுந்தேன். என் வீட்டுக்காரர் கடைசி வரிசையில் சுவரோடு சுவராக நின்றார்.

சிட்டு பிரமாதமாகப் பேசினாள், அதுதான் கொடுமை. கேலக்ஸிகள் ஓடுகிற வேகத்தைச் சொன்னாள். அந்த வேகத்தில் ஏன் ஒன்றோடொன்று சேராது என்று எல்லோரும் நம்புகிறார்கள் என்பதை, எதிர்த்தரப்புக்கே வாதாடுகிற வக்கீல் மாதிரி, அவ்வளவு தெளிவாக எடுத்துவைத்தாள். பிறகு, "ஆனா படங்கள் வேற கதை சொல்லுது" என்று பொத்தானை அழுத்தினாள். முழங்கை வால் சுவர் அகலத்துக்கு விரிந்தது. கூடத்தில் ஆகா என்று ஒரு முணுமுணுப்பு. பச்சைப் பொய்யைச் சுவர் அளவு பெரிதாக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறாளே, இவள் நெஞ்சு என்ன கல்லா?

பேச்சு முடிந்தது. தலைவர்தான் முதலில் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருந்தது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கூட்டத்துக்குள்ள இவ்வளவு இணைப்பு இருக்குன்னு நம்பறதுக்கு எனக்கு இன்னும் பயமா இருக்கு. எல்லாமே கண்ணால பார்த்து முடிவு பண்ணதுன்னு சொல்றீங்க. பார்த்தது யார்?"

"என் அண்ணி" என்றாள் சிட்டு. "இங்கதான் உட்கார்ந்திருக்காங்க. அவங்ககிட்டயே நீங்க கேட்கலாம்."

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் எழுந்து நின்றேன். சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவை நிஜமில்லை, நாங்கள் செய்த போலிகள், ஓரங்கட்டாமல் விட்டுவிட்டோம். மூன்றே துண்டு வாக்கியம். காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று அவர் சிரித்த முகத்தோடு கேட்டார்.

நான் சிட்டுவைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேல்சட்டையின் ஒரு பித்தான் துளை மாறிப் போட்டிருந்ததால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அதைக்கூடக் கவனிக்காமல்தான் மேடை ஏறியிருக்கிறாள். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், எனக்கு யாரையும் தெரியாது என்று தன் நண்பர்களையெல்லாம் வீட்டுக்கு இழுத்துவந்து எனக்கு அறிமுகம் செய்தவள். எனக்குக் காய்ச்சல் கண்டால் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஊரில் இருக்கிற எல்லோரையும் போல நடித்துக் காட்டி என்னைச் சிரிக்க வைப்பவள். இவளை நான் இத்தனை பேர் நடுவில் எப்படி வெட்டிப்போடுவேன்?

"சந்தேகமே இல்லைங்க" என்றது என் வாய். "எல்லாம் நிஜம்தான். ஒவ்வொண்ணும் நான் பார்த்தது."

என் குரல்தானா அது? யாரோ பக்கத்தில் நின்று பேசின மாதிரி இருந்தது. தலைவர் திருப்தியாகத் தலையை ஆட்டினார். யாரோ கைதட்ட, எல்லோரும் கைதட்டினார்கள். பொத்தென்று உட்கார்ந்தேன். பொய்யே சொல்லத் தெரியாதவள் என்று என்னைப் பற்றி நானே எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

குழுவினர் பக்கத்து அறைக்குள் கலந்து பேசப் போனார்கள். நடைபாதைக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் வயித்துல பாலை வார்த்தம்மா" என்றார். வெடுக்கென்று கையை உதறினேன்.

சிட்டு மடிக்கணினியை அணைத்துப் பிடித்தபடி கூடத்திலிருந்து வெளியே வந்தாள். ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் பேயறைந்தவள் மாதிரி என் எதிரே வந்து நின்றாள்.

"என்ன அண்ணி இப்படிப் பண்ணிட்டீங்க?"

"என்னடி பண்ணினேன்? உன்னைக் காப்பாத்தினேன்."

"காப்பாத்தினீங்களா!" அவள் குரல் உடைந்தது. "நீங்க சொல்லிடுவீங்கன்னு நம்பித்தானே நான் மேடையே ஏறினேன்? என் வாயால சொன்னா அண்ணனை நானே காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடும். ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னு போவேன், அண்ணன் முகத்தைப் பார்த்ததும் முடியாது. இன்னிக்குக் காலையில நீங்க தாள்கட்டைத் தூக்கி அடிச்சீங்க பாருங்க, அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு. அப்பாடா, அண்ணிக்குத் தெரிஞ்சிடுச்சு, இனிமே இது முடிஞ்சிடும்னு நெனச்சேன்."

"நான் உனக்காகத்தான்..."

"அண்ணனும் இதையேதான் சொன்னாரு, எனக்காகன்னு. இப்ப நீங்களும் சொல்றீங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதுவரைக்கும் நம்ம வீட்டுல பொய் சொல்லாத ஆளா நீங்க ஒருத்தராவது இருந்தீங்க."

என்னை அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவள் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

அறைக்கதவு திறந்தது. தலைவர் தலையை நீட்டி, அதே வாய் கொள்ளாத சிரிப்போடு, "உள்ள வாங்க. நல்ல சேதிதான். அண்ணியும் வரட்டும்" என்றார்.

நான் ஓரடி எடுத்துவைத்தேன். சிட்டு என் முன்னால் கையை நீட்டித் தடுத்தாள்.

"நான் மட்டும் வரேன் மேடம். உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, என் காதருகே குனிந்தாள். "நீங்க வராதீங்க அண்ணி. அவங்க இன்னொரு தடவை கேட்டா, இன்னொரு தடவை எனக்காகச் சொல்லிடுவீங்க."

கதவு மூடிக்கொண்டது. அதன் மேல்பாதி கண்ணாடி. சிட்டுவின் முதுகு தெரிந்தது. தலைவர் நாற்காலியைக் காட்ட, அவள் உட்காராமல் நின்றபடியே பேசத் தொடங்கினாள். பக்கத்தில் வந்து நின்ற என் வீட்டுக்காரர், "என்ன சொல்றா? என்ன சொல்றா?" என்று என் தோளை உலுக்கினார். அந்த நரைத்த தலைக்குக் கீழே இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, முழுவதும் நின்றுபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.